லேப்டாப்பைத் திறக்கும் முன் கையில் இருக்கும் திருப்புளியைப் பாருங்கள்

கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம் பல வீடுகளில், 2011-இல் தொடங்கிய அரசுத் திட்டத்தில் வந்த பிளஸ் டூ லேப்டாப் ஒன்று இன்னும் பீரோ மேல் கிடக்கும். அதில் பழைய ஹார்டு டிஸ்குக்குப் பதிலாக, வேகமான எஸ்எஸ்டி ஒன்றை மாட்டிவிட்டால் விண்ணப்பம் போட, பாடம் பார்க்க என்று தம்பி தங்கச்சிகள் இன்னும் கொஞ்ச காலம் ஓட்டலாம். வீடியோ பார்த்து நாமே செய்யக்கூடிய வேலைதான். ஆனால் ஒரே ஒரு ஸ்க்ரூ தலை வழுக்கிப் போனாலும் மூடி கழலாது, அப்புறம் கடைதான்.

கரண்ட் இருக்கிறதா என்று பார்க்கும் டெஸ்டரைத் தயவுசெய்து எடுக்காதீர்கள். இதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

அதிகம் நடக்கும் தவறு வேறு. எடுப்பது கூட்டல் குறி முனை உள்ள ஸ்டார் திருப்புளிதான், ஆனால் ஒரு சைஸ் சின்னது. முனை ஸ்க்ரூ தலைக் குழிக்குள் போகிறது, லேசாகத் திரும்பவும் செய்கிறது, சரி போதும் என்று முறுக்குகிறோம். முனை அடிவரை உட்கார்ந்திருந்தாலும் பக்கச் சுவர்களை முழுசாகப் பிடிக்காததால், ஸ்க்ரூ இறுக்கமாக இருந்தால் முனை மேலேறித் துள்ளும், துள்ளும் ஒவ்வொரு முறையும் சுவரைக் கொஞ்சம் சீவிவிடும். குழி ஓரத்தில் மினுமினுப்பாக இரும்புத்தூள் தெரிகிறதா, அங்கேயே நிறுத்திவிட்டு முனையை மாற்றுங்கள். இன்னும் ரெண்டு தடவை முயன்றால் கூட்டல் குறி போய் வட்டக் குழிதான் மிஞ்சும்.

சைஸ் பெயர்கள் பிஎச்1, பிஎச்0, பிஎச்00, பிஎச்000 என்று போகும், பூஜ்யம் கூடக் கூட முனை சின்னதாகும். அடிமூடிக்குப் பெரும்பாலும் பிஎச்0, சில மாடல்களுக்கு பிஎச்1, உள்ளே இருக்கும் பொடி ஸ்க்ரூவுக்கு பிஎச்00. இதை மனப்பாடம் செய்வதைவிட, குழிக்குள் போகும் முனைகளில் பெரியது எதுவோ அதிலிருந்து தொடங்குங்கள். முனையை வைத்து லேசாக ஆட்டிப் பாருங்கள், லொடலொடவென்று ஆடினால் அது உங்கள் சைஸ் இல்லை. கழற்றும்போது முறுக்குவதைவிட அழுத்துவது அதிகமாக இருக்க வேண்டும், திருப்புளி நேராக நிற்க வேண்டும்.

கடையில் ஸ்டார் என்று கேட்டால் கூட்டல் குறி முனையைத்தான் கொடுப்பார்கள். பழைய எச்பி பிசினஸ் மாடல்கள் சிலவற்றில் ஆறு மூலை டார்க்ஸ் டி8 ஸ்க்ரூ இருக்கும், மேக்புக் அடிமூடியில் ஐந்து இதழ் பென்டலோப் இருக்கும். அதனால் ஸ்க்ரூவை போட்டோ எடுத்துக்கொண்டு கடைக்குப் போவது நல்லது. ரொம்ப மலிவான செட்டில் முனை மென்மையான இரும்பு, ஸ்க்ரூவுக்கு முன்னால் அதுவே மழுங்கிவிடும். எஸ்2 ஸ்டீல் (கடினமான எஃகு) என்று போட்ட சின்ன செட் ஒன்று போதும், பெங்களூரு போகிறவர்கள் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கும் எஸ்.பி. ரோட்டில் கையில் எடுத்துப் பார்த்தே வாங்கலாம். நூறு பிட் உள்ள பெட்டி பார்க்க ஆசையாகத்தான் இருக்கும், தொடப்போவது நாலைந்தைத்தான்.

காந்த முனை எஸ்எஸ்டியைக் கெடுத்துவிடும் என்ற பயம் வேண்டாம். அந்தக் காந்தம் ஒன்றும் செய்யாது, மதர்போர்டு மேல் ஸ்க்ரூ விழாமல் காப்பாற்றுவதே அதுதான். பேட்டரி டிரில்லை மட்டும் கிட்டே கொண்டுவராதீர்கள்.

திருப்பி மாட்டும்போது வரும் தவறு ஸ்க்ரூ நீளம். எல்லாவற்றையும் ஒரே கிண்ணத்தில் கொட்டிவிட்டு, குட்டை ஸ்க்ரூ போக வேண்டிய ஓட்டையில் நீளமானதைப் போட்டு இறுக்கினால், கீபோர்டு பக்கம் ஒரு மேடு கிளம்பும், இல்லையென்றால் போர்டில் குத்தும். ஒரு அட்டையில் லேப்டாப் அடிப்பக்கத்தை வரைந்து, எந்த இடத்து ஸ்க்ரூவோ அந்த இடத்திலேயே குத்தி வையுங்கள். எல்லாம் கழற்றியும் மூடி வரவில்லையா, ரப்பர் கால்களுக்கு அடியில் பாருங்கள், அங்கே ஒரு ஸ்க்ரூ ஒளிந்திருக்கும். அதை விட்டுவிட்டுத் திருப்புளியால் நெம்பினால் மூடியின் கிளிப் உடையும், முனை இன்னும் உள்ளே போனால் பேட்டரியில் குத்தித் தீயே பிடிக்கலாம். நெம்ப பழைய ஏடிஎம் கார்டு போதும், திறந்ததும் முதல் வேலையாக பேட்டரி கனெக்டரைக் கழற்றிவிடுங்கள்.