சமையலறை சிம்னியைக் கழுவுவது எப்படி? முதலில் ஃபில்டர் எந்த உலோகம் என்று பாருங்கள்

தினமும் தாளிப்பு, அடிக்கடி பூரி, வடை, அப்பளம் என்று அடுப்பு ஓடும் வீட்டில் சிம்னி ஃபில்டரை 15 நாளுக்கு ஒருமுறை கழுவ வேண்டும். பொரிப்பது குறைவென்றால் மாதம் ஒருமுறை போதும். தள்ளிப்போட்டால் எண்ணெய் சூட்டில் இறுகி அரக்குப் போல ஒட்டிக்கொள்ளும். இழுவை குறையும், மோட்டார் இரையும். படிந்த எண்ணெயில் தீயும் பிடிக்கலாம்.

1. மின்சாரத்தைத் துண்டியுங்கள். சிம்னியின் பட்டனை அணைத்தால் போதாது. கை அசைவில் ஓடும் மாடல்களில், துடைக்கும்போதே விசிறி சுற்ற ஆரம்பித்துவிடும். பிளக்கைப் பிடுங்குங்கள், எட்டாத இடத்தில் இருந்தால் மின்பெட்டியில் உள்ள எம்சிபி சுவிட்சை இறக்குங்கள். அடுப்பு நன்றாக ஆறட்டும், ரெகுலேட்டரை மூடுங்கள். அடுப்பின் மேல் செய்தித்தாள் விரியுங்கள். சமையல் மேடையில் ஏறாதீர்கள். எண்ணெய் சொட்டிய கிரானைட் வழுக்கும். ஆடாத ஸ்டூல் போதும்.

2. கழற்றுங்கள். ரப்பர் கையுறை போட்டுக்கொள்ளுங்கள், தகட்டின் விளிம்பு கையைக் கிழிக்கும். எண்ணெய்க் கிண்ணம் இருந்தால் அதை முதலில் எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் தலையில் கொட்டும். அந்த எண்ணெயை சிங்க்கில் ஊற்றினால் குழாய் அடைக்கும். செய்தித்தாளில் ஊறவிட்டுக் குப்பையில் போடுங்கள். பிறகு கைப்பிடியை அழுத்தி ஃபில்டரை இறக்குங்கள்.

3. உலோகத்தைச் சோதியுங்கள். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். ஃபில்டரில் காந்தம் ஒட்டினால் அது ஸ்டீல். ஒட்டாமல், கையில் லேசாகவும் இருந்தால் அலுமினியம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பல அடுக்கு வலை ஃபில்டர்கள் பெரும்பாலும் அலுமினியம்தான். காஸ்டிக் சோடா அலுமினியத்தை அரித்துக் கருக்கும். அப்போது வெளிவரும் ஹைட்ரஜன் எரியக்கூடிய வாயு. சலவை சோடாவும் அலுமினியத்தின் நிறத்தைக் கெடுக்கும். ஸ்டீலாக இருந்தாலும் வீட்டில் காஸ்டிக் சோடா வேண்டாம், கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து.

4. ஊறவையுங்கள். அகலமான டப்பில் 10 லிட்டர் வெந்நீர், கை பொறுக்கும் சூட்டைவிடச் சற்று கூடுதலாக. அலுமினியத்துக்குப் பாத்திரம் கழுவும் லிக்விட் 3 டேபிள்ஸ்பூன் மட்டும். ஸ்டீலுக்கு அதோடு சலவை சோடா 50 கிராம். அரை மணி நேரம் ஊறட்டும். பழைய டூத் பிரஷ்ஷால் இடுக்குகளைத் தேயுங்கள். வலையைக் கம்பி நாரால் தேய்த்தால் இழை அறுந்துவிடும். கழுவியபின் சாய்த்து வைத்து முழுக்கக் காயவிடுங்கள். ஈரத்தோடு மாட்டினால் தண்ணீர் மோட்டாருக்குள் இழுபடும்.

5. உட்புறம். லிக்விடில் நனைத்துப் பிழிந்த துணியால் கைக்கு எட்டும் இடத்தை மட்டும் துடையுங்கள். உள்ளே நேரடியாக ஸ்ப்ரே அடிக்காதீர்கள். பெட்ரோல், தின்னர், மண்ணெண்ணெய் பக்கமே போகாதீர்கள்: அதன் ஆவி தங்கியிருக்க, மோட்டாரைப் போட்டால் ஒரு பொறி போதும்.

6. இழுவையைச் சோதியுங்கள். எல்லாவற்றையும் மாட்டி, அதிக வேகத்தில் ஓடவிட்டு, ஃபில்டருக்கு அடியில் செய்தித்தாள் துண்டு ஒன்றைப் பிடியுங்கள். ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். ஃபில்டர் சுத்தமாக இருந்தும் விழுந்தால் கோளாறு மேலே: புகைக்குழாய் நசுங்கியிருக்கலாம், காற்றைத் திரும்ப விடாத மடிப்புத் தகடு பிசுக்கில் ஒட்டியிருக்கலாம், குழாயின் வெளி முனையில் புறா கூடு கட்டியிருக்கலாம். குழாயும் விசிறியும் வருடம் ஒருமுறை மெக்கானிக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டியவை.

கரி ஃபில்டர் உள்ள, புகைக்குழாய் இல்லாத சிம்னியில் கரியைக் கழுவாதீர்கள், மாற்றத்தான் வேண்டும். ‘ஆட்டோ கிளீன்’ மாடல் வைத்திருப்பவர்களுக்கு: அது உள்ளே படிந்த எண்ணெயை உருக்கிக் கிண்ணத்தில் இறக்குவதோடு சரி. கிண்ணத்தைக் காலி செய்வதும், வெளிப்புறத்தைத் துடைப்பதும் உங்கள் வேலை.

வாணலியில் தீப்பிடித்தால் அடுப்பை அணைத்து, சிம்னியையும் உடனே நிறுத்துங்கள். ஓடவிட்டால் விசிறி தீயைக் குழாய்க்குள் இழுக்கும். வாணலியை மூடியால் மூடுங்கள். எரியும் எண்ணெயில் தண்ணீர் ஊற்றவே கூடாது. குழாய்க்குள் தீ போய்விட்டால், எல்லோரும் வெளியேறி 101-ஐ அழையுங்கள்.