‘பாஸ்டு’ என்று வந்துவிட்டதா? அவசரப்பட்டு டெர்மினலை மூடாதீர்கள்

சர்வர் விழுந்த பிறகு பழைய பதிவுகளைப் புரட்டினால், அது பல நாள்களுக்கு முன்பே முனகத் தொடங்கியிருப்பது பல நேரம் தெரியவரும். அதைப் பார்க்க வேண்டிய கட்டளைகளையும் யாரோ ஒருவர் ஓட்டிக்கொண்டுதான் இருந்திருப்பார். ஆனால் கேட்ட கேள்வி ஒன்றாகவும் அவர் புரிந்துகொண்ட பதில் வேறாகவும் இருந்திருக்கும். வன்பொருளைக் கவனிப்பதில் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த வகைதான்.

ஹார்டு டிஸ்க்கிலிருந்து ஆரம்பிப்போம். டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே அளந்து வைக்கும் ஏற்பாட்டுக்கு ஸ்மார்ட் என்று பெயர்; லினக்ஸ் சர்வரில் அதைப் படிப்பது ஸ்மார்ட்சிடிஎல் (smartctl). அந்தக் கட்டளையோடு பெரிய ஹெச் (-H) என்ற ஒற்றை எழுத்தைச் சேர்த்து அடித்தால், ‘பாஸ்டு’ (PASSED, தேறியது) என்று ஒரு வரி வரும். அதைப் பார்த்துவிட்டு நிம்மதியாகப் போய்விடுவது முதல் தவறு. தயாரிப்பாளர் வைத்த எல்லையை எந்த அளவீடும் இன்னும் தாண்டவில்லை என்பது மட்டுமே அதன் பொருள். அந்த எல்லைகள் ரொம்பத் தாராளமானவை. நூற்றுக்கணக்கான செக்டர்களை (தரவை எழுதும் சின்னச் சின்னக் கட்டங்களை) கைவிட்டு மாற்றிடம் தேடிக்கொண்ட டிஸ்க்கும் கூச்சமில்லாமல் ‘பாஸ்டு’ என்றே சொல்லும்.

ஆகவே சிறிய ஏ (-a) என்ற எழுத்தைச் சேர்த்து முழு அட்டவணையையும் எடுங்கள். முதலில் பார்க்க வேண்டியவை 5, 187, 197, 198 ஆகிய எண்களில் இருக்கும் அளவீடுகள். 5 என்பது மாற்றி ஒதுக்கிய செக்டர்கள். 187 என்பது டிஸ்க்கால் திருத்த முடியாமல் போன பிழைகள். 197 என்பது படிக்க முடியாமல் தீர்ப்புக்குக் காத்திருப்பவை. 198 என்பது டிஸ்க் தன்னைத்தானே சோதித்தபோது திருத்த முடியாதவை. இவற்றின் கடைசிப் பத்தியில் உள்ள மூல மதிப்பு பூஜ்யத்திலிருந்து நகர்ந்தால் கவனம் தேவை. வாரா வாரம் ஏறிக்கொண்டே போனால் புது டிஸ்க் வாங்கும் நேரம் வந்துவிட்டது.

எல்லா மூல மதிப்பையும் இப்படி வாசிக்கவும் கூடாது. சீகேட் டிஸ்க்குகள் பலவற்றில் 1 என்ற எண்ணில் உள்ள வாசிப்புப் பிழை விகிதம் கோடிக்கணக்கில் காட்டும். புதிதாகப் பார்ப்பவருக்கு நெஞ்சு அடைக்கும். ஒரே எண்ணுக்குள் பிழைகளின் எண்ணிக்கையையும் மொத்தச் செயல்களின் எண்ணிக்கையையும் சேர்த்துத் திணிப்பதால் வரும் பூச்சாண்டி அது. 199 வேறு கதை. அது டிஸ்க்குக்கும் போர்டுக்கும் இடையே தரவு சிதைந்ததைக் காட்டுவது. பெரும்பாலும் கேபிள்தான் குற்றவாளி. அதைப் பார்த்து டிஸ்க்கை மாற்றிவிட்டு, புது டிஸ்க்கிலும் அதே எண் ஏறுவதைக் கண்டு விழிப்பவர்கள் உண்டு. கேபிளை மாற்றினாலும் அந்த எண் பூஜ்யத்துக்குத் திரும்பாது. மேற்கொண்டு ஏறாமல் இருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

எண்கள் எல்லாம் சுத்தமாக இருந்தால் டிஸ்க் பிழைக்கும் என்றும் எண்ண வேண்டாம். 1 லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்து கூகுள் பொறியாளர்கள் 2007இல் ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டார்கள். செத்துப்போனவற்றில் 36 சதவீதத்துக்கும் மேலானவை, வெப்பநிலையைத் தவிர வேறு எந்த ஸ்மார்ட் அளவீட்டிலும் ஒரு அறிகுறியும் காட்டாமலே செத்திருந்தன. அதே அறிக்கையில் இன்னொரு கணக்கும் உண்டு: முதல் ஸ்கேன் பிழை (பரப்பைப் படித்துப் பார்க்கையில் தெரியும் பிழை) வந்த டிஸ்க், அடுத்த 60 நாள்களுக்குள் சாகும் வாய்ப்பு மற்றவற்றைவிட 39 மடங்கு அதிகம். அறிகுறி வந்தால் நம்புங்கள். வராததை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

இன்னொன்று, படிக்காத செக்டரில் உள்ள பிழை கணக்கில் வராது. வருஷக்கணக்கில் யாரும் தொடாத கோப்பு எங்கே கிடக்கிறதோ, அங்கே கெட்டுப்போனால் 197 அசையாது. இதற்காகத்தான் நீண்ட சுயசோதனை இருக்கிறது. பெரிய டிஸ்க்கில் பல மணி நேரம் ஓடும், ஆனால் சர்வரை நிறுத்த வேண்டியதில்லை. 2 நிமிடத்தில் முடியும் குறுஞ்சோதனையை மட்டும் தினமும் ஓட்டிவிட்டுத் திருப்தி அடைவது, வாசல் கதவை மட்டும் ஆட்டிப் பார்த்துவிட்டு வீடு பத்திரம் என்பது போல.

அடுத்து ரெய்டு, அதாவது பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்து இயக்கும் ஏற்பாடு. வன்பொருள் ரெய்டு கார்டு இருந்தால், இயங்குதளத்துக்குத் தெரிவது கார்டு காட்டும் கற்பனை டிஸ்க்தான். அதை எத்தனை முறை விசாரித்தாலும் பின்னால் இருக்கும் நிஜ டிஸ்க்குகளின் நிலை தெரியாது. ஸ்மார்ட்சிடிஎல்லில் டி (-d) என்ற எழுத்தோடு கார்டின் வகையையும் (மெகாரெய்டு போல) டிஸ்க்கின் எண்ணையும் சேர்த்துக் கொடுத்து ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். கார்டின் பேட்டரியையும் அதற்குரிய கருவி கொண்டு பாருங்கள். பேட்டரி போனால் பல கார்டுகள் எழுதும் முறையைப் பத்திரமான, ஆனால் மெதுவான முறைக்கு மாற்றிக்கொள்ளும். தரவுத்தளம் ஏன் திடீரென்று இழுக்கிறது என்று ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகு, காரணம் ஒரு சின்ன பேட்டரி என்று தெரியவந்தால் வரும் எரிச்சல் இருக்கிறதே! மென்பொருள் ரெய்டு என்றால் ப்ராக் அடைவில் உள்ள எம்டிஸ்டாட் கோப்பை (/proc/mdstat) படித்தால் போதும். இரண்டு ‘யூ’ இருக்க வேண்டிய இடத்தில் ஒரு யூவும் ஒரு அடிக்கோடும் இருந்தால், ஒரு டிஸ்க் போய் ஒற்றைக்காலில் நிற்கிறீர்கள்.

எல்லாவற்றையும்விட அதிகம் ஏமாற்றுவது நாமே எழுதும் ஸ்கிரிப்ட். வெளியீட்டில் ‘ஃபெய்ல்டு’ என்ற சொல்லை க்ரெப் கட்டளையால் தேடி, கிடைத்தால் மெயில் அனுப்பு, கிடைக்காவிட்டால் சும்மா இரு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. இப்போது டிஸ்க்கைத் திறக்கவே முடியவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘ஃபெய்ல்டு’ என்ற சொல்லே வராமல் போகலாம், மெயிலும் வராது. சர்வர்களில் வரும் எஸ்ஏஎஸ் வகை டிஸ்க்குகள் ‘பாஸ்டு’ என்று சொல்வதில்லை, ‘ஓகே’ என்கின்றன; கெட்டால் சொல்லும் வாசகமும் வேறு. என்விஎம்ஈ வகை எஸ்எஸ்டி டிஸ்க்கில் 5, 197 என்ற எண்களே கிடையாது. அங்கே பார்க்க வேண்டியவை எச்சரிக்கைக் கொடி, மிச்சமிருக்கும் உபரி இடம், மீடியா பிழைகள். (தேய்மான சதவீதம் 100ஐத் தாண்டியும் போகும், தாண்டினால் செத்துவிட்டது என்று அர்த்தமில்லை.) 197ஐத் தேடும் பழைய ஸ்கிரிப்ட் இங்கே ஒன்றும் கிடைக்காமல், அதையே பூஜ்யம் என்று எடுத்துக்கொண்டு எல்லாம் நலம் என்று சொல்லிவிடும்.

குறித்த நேரத்தில் கட்டளைகளைத் தானாக ஓட்டும் க்ரானில் போட்டால் இன்னொரு பொறி. கையால் ஓட்டும்போது வேலை செய்த ஸ்கிரிப்ட், க்ரானில் ஸ்மார்ட்சிடிஎல்லையே கண்டுபிடிக்காமல் திணறும், ஏனென்றால் அங்கே கிடைக்கும் பாத் (கட்டளைகளைத் தேடும் அடைவுகளின் பட்டியல்) மிகக் குறுகியது. கட்டளையின் முழுப் பாதையையும் எழுதிவிடுங்கள்.

சொற்களைத் தேடுவதற்குப் பதில் ஸ்மார்ட்சிடிஎல் வேலை முடிந்ததும் திருப்பித் தரும் வெளியேறும் எண்ணைப் பாருங்கள். அது பல கொடிகளின் (ஒவ்வொன்றும் ஒரு நிலையைக் குறிக்கும் எண்களின்) கூட்டுத்தொகை. 1, 2, 4 இருந்தால் சோதனையே சரியாக நடக்கவில்லை. 8 இருந்தால் டிஸ்க் சாகப்போகிறது. 64 என்றால் பிழைப் பதிவில் ஏதோ இருக்கிறது, 128 என்றால் சுயசோதனைப் பதிவில் பிழை. ‘பூஜ்யம் இல்லையென்றால் அலாரம்’ என்று வைத்தால் சிக்கல், ஏனென்றால் 64க்குக் காரணமான பழைய பிழை ஒன்று பதிவில் நெடுநாள் குந்தியிருக்கும். தினமும் வரும் மெயிலை ஒருநாள் எரிச்சலில் வடிகட்டிக் குப்பைக்கு அனுப்புவீர்கள். நிஜமான எச்சரிக்கையும் அதே குப்பைக்குப் போகும்.

டிஸ்க்கைத் தாண்டினால் ஐபிஎம்ஐ, சர்வரின் வன்பொருளைக் கண்காணிக்கும் நெறிமுறை. சர்வர் போர்டில் தனியாக ஓடும் ஒரு குட்டிக் கணினி ஃபேன், பவர் சப்ளை, வெப்பம் எல்லாவற்றையும் கவனிக்கிறது. ஐபிஎம்ஐடூல் (ipmitool) கட்டளை அதனுடன் பேசும். இதில் பலரும் சென்சார் பட்டியலோடு நிறுத்திக்கொள்கிறார்கள். பட்டியல் இந்த நொடியைத்தான் சொல்லும். நேற்றிரவு ஒரு பவர் சப்ளை 10 நிமிடம் போய்வந்தது நிகழ்வுப் பதிவில்தான் இருக்கும். அந்தப் பதிவின் இடமும் கொஞ்சம்தான். பல சர்வர்களில் நிரம்பிவிட்டால் புதிய நிகழ்வுகள் எழுதப்படாமலே போகும். ஆகவே அவ்வப்போது ஒரு கோப்பில் சேமித்துவிட்டுத் துடையுங்கள். சேமிக்காமல் துடைப்பவர்களும் இருக்கிறார்கள், அவர்களை என்ன சொல்ல. அந்தக் குட்டிக் கணினியின் கடிகாரம் தனி என்பதையும் மறக்க வேண்டாம். அதன் நேரம் தப்பாக இருந்தால் நிகழ்வுகளை இயங்குதளத்தின் மையமான கர்னலின் பதிவோடு பொருத்தவே முடியாது.

நானே ஒருமுறை அசடு வழிந்திருக்கிறேன். இரண்டு பவர் சப்ளை கொண்ட சர்வர் ஒன்றில் ஒன்று எப்போதோ செத்திருந்தது. சர்வர் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. வழக்கமான பராமரிப்புக்காக மற்றதன் வயரைப் பிடுங்கியபோதுதான் விஷயம் தெரிந்தது. ஒற்றைக் கட்டளை அடித்துப் பார்த்திருக்கலாம்.

தொலைவிலிருந்து ஐபிஎம்ஐடூல் ஓட்டும்போது கடவுச்சொல்லைக் கட்டளையோடு தட்டாதீர்கள்; ஷெல் வரலாற்றில் தங்கிவிடும். தனிக் கோப்பிலிருந்தோ சூழல் மாறியிலிருந்தோ கொடுக்க வழி இருக்கிறது. அந்தக் குட்டிக் கணினியின் இடைமுகத்தைப் பொது இணையத்தில் திறந்தும் வைக்காதீர்கள். ஐபிஎம்ஐ 2.0 நெறிமுறையே உள்நுழையும் முன்பு கடவுச்சொல்லின் ஹாஷை (அதிலிருந்து கணக்கிட்ட குறியீட்டை) கேட்பவருக்குக் கொடுத்துவிடும் தன்மை கொண்டது.

மெமரியில் நடக்கும் தவறு எளிமையானது. பிழைதிருத்தும் மெமரி ஒரு பிட் பிழையைத் தானே சரிசெய்துவிடும், யாருக்கும் எதுவும் தெரியாது. அந்த எண்ணிக்கையை இடாக் (EDAC) எனும் கர்னல் பகுதி சிஸ் அடைவில் (/sys) வைத்திருக்கும், ரீபூட் செய்தால் பூஜ்யத்துக்குப் போய்விடும். ‘ரீபூட் செய்தேன், சரியாகிவிட்டது’ என்பதில் பாதி இந்தக் கதைதான். ராஸ்டீமன் (rasdaemon) என்ற பின்னணி நிரல் ஓடினால் பிழைகளைத் தரவுத்தளத்தில் சேமித்து வைக்கும். எந்த ஸ்லாட்டில் திரும்பத் திரும்ப வருகிறது என்று பார்க்கலாம். கர்னல் செய்திகளைக் காட்டும் டிமெஸ்ஜியை (dmesg) மட்டும் நம்பினாலும் இதே கதி. அது அளவான இடத்தில் சுழலும் தாங்கி (ரிங் பஃபர்), பழையது அழிந்துகொண்டே இருக்கும். முந்தைய பூட்டின் கர்னல் வரிகளை, கணினிப் பதிவேடான ஜர்னலைப் படிக்கும் ஜர்னல்சிடிஎல்லில் (journalctl) எடுங்கள், ஜர்னல் டிஸ்க்கில் சேமிக்கப்படுகிறதா என்று முதலில் உறுதி செய்துகொண்டு.

சென்சார்ஸ் கட்டளை காட்டும் வோல்டேஜ்களைப் பார்த்துப் பதற வேண்டாம். போர்டுக்கு ஏற்ற அமைப்புக் கோப்பு இல்லாவிட்டால் அவை வெறும் உளறல். இணைப்பே இல்லாத சென்சார் 127 டிகிரியோ மைனஸ் 128 டிகிரியோ காட்டலாம். மெய்நிகர் கணினிக்குள் இந்தக் கட்டளைகளை ஓட்டுவதிலும் பயனில்லை, அடியில் இருக்கும் இயந்திரத்தில் ஓட்ட வேண்டும்.

அப்புறம், எச்சரிக்கை மெயில் நிஜமாகவே வருகிறதா? ஸ்மார்ட் அளவீடுகளைப் பின்னணியில் கவனிக்கும் ஸ்மார்ட்டியின் (smartd) அமைப்புக் கோப்பில் சோதனை மெயில் அனுப்பச் சொல்லும் வசதி இருக்கிறது, மென்பொருள் ரெய்டுக்கான எம்டிஅட்மின் (mdadm) கண்காணிப்பிலும் உண்டு. இன்றைக்கே ஒன்றை அனுப்பிப் பாருங்கள். பல சர்வர்களில் அது ரூட் (நிர்வாகி) பயனரின் உள்ளூர் மெயில்பெட்டியில், பல வருஷத்து மெயில்களுக்கு மேலே போய் உட்கார்ந்திருக்கும்.