காற்றுத் தடையும் வேகமும்: ஐந்து காகிதக் கிண்ணங்களை வைத்து ஒரு சோதனை

சைக்கிளில் மெதுவாகப் போகும்போது காற்று இருப்பதே தெரியாது. கொஞ்சம் அழுத்தி மிதித்தால் யாரோ நெஞ்சில் கைவைத்துத் தள்ளுவது போல இருக்கும். வேகம் கூடினால் தடை கூடும், சரி. எவ்வளவு கூடும்? கப்கேக் சுடுகிற காகிதக் கிண்ணங்கள் ஐந்தும் ஓர் அளவு நாடாவும் இருந்தால் பார்த்துவிடலாம்.

முதலில் மின்விசிறியை நிறுத்துங்கள். (நான் மறந்துபோய், கிண்ணம் கட்டிலுக்கு அடியில் போய் விழுந்தது.) சுவரில் தரையிலிருந்து 1 மீட்டரிலும் 2 மீட்டரிலும் பென்சிலால் கோடு போடுங்கள்.

இப்போது ஒரே ஒரு கிண்ணத்தை, அடிப்பாகம் கீழே இருக்கும்படி பிடித்து விடுங்கள். கல்லைப் போல வேகம் ஏறிக்கொண்டே போகாது. சற்றுத் தூரத்திலேயே ஒரே சீராக இறங்கத் தொடங்கும். எடையும் காற்றுத் தடையும் சமமாகிவிட்ட அந்த வேகத்துக்கு முற்றுத் திசைவேகம் என்று பெயர். இதில் பெரிய வசதி ஒன்று உண்டு: தடையை அளக்கக் கருவியே வேண்டாம். கிண்ணத்தின் எடை எவ்வளவோ, தடையும் அவ்வளவுதான்.

அப்புறம் மற்ற நான்கையும் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்குங்கள். வடிவம் அதே, எடை 4 மடங்கு. அடுக்கை 2 மீட்டர் கோட்டிலும் ஒற்றைக் கிண்ணத்தை 1 மீட்டர் கோட்டிலும் பிடித்து, ஒரே நேரத்தில் விடுங்கள்.

இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகத் தரை தொடும். அடுக்கு ஒரு கண்ணிமைப்பு பிந்தலாம். முழு வேகத்தை எட்ட அதற்குக் கூடுதல் நேரம் பிடிக்கும். ஆக, 4 மடங்கு தடைக்கு 2 மடங்கு வேகமே போதுமாக இருக்கிறது. தடை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்து ஏறுகிறது. காரணம் எளிது: வேகம் இரட்டித்தால் ஒரு நொடியில் எதிர்ப்படும் காற்று இரண்டு மடங்கு, அதை ஒதுக்கித்தள்ளும் வேகமும் இரண்டு மடங்கு.

மூடுபனித் துளி, நுண்தூசி போன்றவற்றுக்கு இது பொருந்தாது. அங்கே காற்றின் பிசுபிசுப்பே முக்கியம். வேகம் இரட்டித்தால் தடையும் இரட்டிக்கும், அவ்வளவே.

சைக்கிளுக்கு வருவோம்.

தடை = ½ × காற்றின் அடர்த்தி × வேகம்² × முகப்புப் பரப்பு (காற்றை எதிர்கொள்ளும் பரப்பு) × இழுவைக் குணகம் (வடிவத்தைப் பொறுத்த ஓர் எண்)

அடர்த்தி கன மீட்டருக்கு 1.2 கிலோ. நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டுபவருக்குக் கடைசி இரண்டின் பெருக்கலை 0.5 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 18 கி.மீ., அதாவது நொடிக்கு 5 மீட்டரில் தடை 7.5 நியூட்டன். 36 கி.மீ.யில் 30 நியூட்டன். திறன் என்பது தடையை வேகத்தால் பெருக்கியது, அது 37.5 வாட்டிலிருந்து 300 வாட்டுக்குத் தாவுகிறது. வேகம் இரட்டித்ததற்கு 8 மடங்கு! சக்கர உராய்வு தனிக்கணக்கு.