அலையடிக்கும் நீரில் வாத்து வேட்டை: அலுமினிய ஜான் படகைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

காற்று ஓய்ந்திருக்கும் நாளில் வாத்துகள் ஏரியின் நடுவே கூட்டமாக அமர்ந்து, அசையாமல் பொழுதைக் கழித்துவிடும். காற்று வலுத்து நடுநீர் கலங்கும்போதுதான் அவை எழுந்து ஒதுக்கிடம் தேடிப் பறக்கத் தொடங்கும். அதனால், மற்றப் படகோட்டிகள் கரையிலேயே நின்றுவிடும் நாளில்தான் வாத்து வேட்டைக்காரர் படகை இறக்க நேர்கிறது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், செயின்ட் கிளேர் ஏரியிலும் ஹூரான் ஏரியின் சாகினா விரிகுடாவிலும் இலையுதிர் காலத்தில் கேன்வாஸ்பேக், ரெட்ஹெட், ஸ்காப் ஆகிய முக்குளிக்கும் வாத்துகளைத் தேடிச் செல்பவர்கள் இதை நன்கு அறிவார்கள்.

புதிதாக வேட்டையில் இறங்குபவர்களில் பலர் முதலில் வாங்க நினைப்பது அலுமினிய ஜான் படகையே. தட்டையான அடிப்பக்கம், சதுரமான முகப்பு, குறைந்த விலை, சிறிய வண்டியாலும் இழுத்துச் செல்லக்கூடிய எடை என்று அதற்குப் பல நன்மைகள் உண்டு. ஆனால் அது சதுப்பு நிலத்திற்கும் அமைதியான ஆற்றுக்கும் உருவான படகு. அதை அலையடிக்கும் நீருக்குக் கொண்டு செல்வதாக இருந்தால், பக்கச் சுவரின் உயரத்தையும் அடிப்பக்கத்தின் அகலத்தையும் முதலில் பார்க்க வேண்டும். மோட்டாரின் வேகம், கேமோ எனப்படும் உருமறைப்பு வண்ணம், துப்பாக்கிப் பெட்டி ஆகியவை அவற்றுக்குப் பின்னரே வர வேண்டும்.

படி 1: போகப்போகும் நீரை முதலில் அறிந்துகொள்ளுங்கள்

கடைக்குச் செல்வதற்கு முன், வேட்டையாடப்போகும் நீர்நிலையின் வரைபடத்தை எடுத்து இரண்டு செய்திகளைக் குறித்துக்கொள்ளுங்கள்: நீரின் ஆழம் எவ்வளவு, காற்று தடையின்றி எத்தனை மைல் ஓடி வருகிறது. செயின்ட் கிளேர் ஏரியின் சராசரி ஆழம் ஏறத்தாழ 11 அடிதான். ஆழம் குறைவு என்பதால் ஆபத்தும் குறைவு என்று எண்ணிவிடக் கூடாது. ஆழமற்ற நீரில் அலைகள் ஒன்றையொன்று நெருங்கி, செங்குத்தாக எழும். ஒரு அலையிலிருந்து முகப்பு மீள்வதற்குள் அடுத்த அலை வந்து மோதும். சாகினா விரிகுடா வடகிழக்கு நோக்கித் திறந்திருப்பதால், வடகிழக்குக் காற்று ஹூரான் ஏரியின் அலைகளை நேராக உள்ளே தள்ளுகிறது. தென்மேற்குக் காற்றோ விரிகுடாவின் நீரையே வெளியே தள்ளிவிடுவதால், காலையில் மிதந்து சென்ற வழியில் பிற்பகலில் படகு சேற்றில் தரைதட்டும்.

படகை எப்போதும் திரும்பி வரும் பயணத்தை வைத்தே தேர்ந்தெடுக்க வேண்டும். 1940 நவம்பர் 11 அன்று மேல் மிசிசிப்பி ஆற்றுப் பகுதியில் நவம்பர் மாதத்திற்குப் பொருந்தாத இளஞ்சூட்டோடு பொழுது விடிந்தது. அன்றே கடும் காற்றும் பனிப்புயலும் சேர்ந்து வந்தபோது, சிறு படகுகளில் ஆற்றுத் தீவுகளுக்குச் சென்றிருந்த வாத்து வேட்டைக்காரர்கள் பலர் கரை திரும்ப முடியாமல் உறைந்தும் மூழ்கியும் இறந்தனர். அந்தப் புயலில் இறந்தவர்களின் மொத்த எண்ணிக்கை 140-ஐத் தாண்டியது. இன்று முன்னறிவிப்புகள் உள்ளன. எனினும் விடியற்காலை இருட்டில் புறப்பட்டு நண்பகல் காற்றில் திரும்பும் வழக்கம் இன்றும் மாறவில்லை.

படி 2: அடிப்பக்கத்தின் வடிவம்

முற்றிலும் தட்டையான அடிப்பக்கம் கொண்ட படகு நிற்கும்போது அசையாது. நாய் ஏறி இறங்கினாலும், ஒருவர் எழுந்து நின்று சுட்டாலும் பெரிதாகச் சாயாது. ஓடும்போதோ ஒவ்வோர் அலையின் மேலும் அறைந்து விழும். அகன்ற சதுர முகப்பு நீரைப் பிளக்காமல் வாரி உள்ளே கொட்டும். மாடிஃபைட் வி எனப்படும் வடிவத்தில் முகப்பு கூராக எழுந்து, பின்பக்கம் போகப்போகத் தட்டையாகிறது. அலையடிக்கும் நீருக்கு ஜான் படகு வாங்குபவர்கள் இந்த வடிவத்திற்குக் குறைந்த எதையும் ஏற்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. முகப்பு தரையிலிருந்து எவ்வளவு மேலே எழுகிறது என்பதைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். விற்பனைத் தாளில் மாடிஃபைட் வி என்று அச்சிட்டிருந்தாலும், சில படகுகளில் அந்தக் கூர்மை பெயரளவிலேயே இருக்கும்.

பெருநீரின் நடுவே, கரையிலிருந்து பல மைல் தள்ளி வேட்டையாடுவதுதான் உங்கள் எண்ணம் என்றால், ஜான் படகே வேண்டாம். உயர்ந்த சுவர்களும், ஆழமான V வடிவ அடிப்பக்கமும் கொண்ட டீப் வி படகை வாங்குங்கள்.

படி 3: நீளமும் அகலமும்

ஜான் படகுகளின் பெயரிலேயே அளவு இருக்கும். 1648 என்றால் நீளம் 16 அடி, அடிப்பக்க அகலம் 48 அங்குலம். 1860 என்றால் 18 அடி, 60 அங்குலம். புதியவர்கள் விலையைப் பார்த்து 1436-இல் தொடங்குவது வழக்கம். சிறு குளங்களுக்கு அது போதும். திறந்த நீருக்கு அது ஆகாது. இரண்டு பேர், ஒரு நாய் என்ற அளவில் செல்பவர்களுக்கு 1652-ஐக் கீழ் எல்லையாகவும், 18 அடியை விரும்பத்தக்க அளவாகவும் கொள்ளலாம். பக்கச் சுவரின் உயரத்தைத் தாளில் படிப்பதோடு நின்றுவிடாமல், டேப்பை வைத்து நடுப்பகுதியில் அளந்து பாருங்கள். 20 அங்குலம் வழக்கமானது; 24 அங்குலத்திற்கு மேல் இருந்தால் நல்லது.

படி 4: கொள்ளளவுத் தகடும் உங்கள் சுமையும்

மற்றப் படிகளை விரைந்து கடந்தாலும் இந்தப் படியில் மட்டும் நிதானமாக நில்லுங்கள். அமெரிக்கச் சட்டப்படி, 20 அடிக்கும் குறைவான மோட்டார் படகுகளில், ஓட்டுபவரின் கண்ணில் படும் இடத்தில், கொள்ளளவைக் குறிக்கும் மஞ்சள் அல்லது வெள்ளித் தகடு ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். அதில் ஆட்களின் எண்ணிக்கையும் எடையும் ஒரு வரியில் இருக்கும். ஆட்கள், மோட்டார், பொருள்கள் ஆகிய அனைத்தும் சேர்ந்த எடை மற்றொரு வரியில் இருக்கும். மோட்டாரின் உச்ச குதிரைத்திறனும் இருக்கும். நீங்கள் பார்க்க வேண்டியது இரண்டாவது எடையை.

ஒரு காகிதத்தை எடுத்து நவம்பர் மாதச் சுமையை எழுதுங்கள். குளிர்கால உடையும் மார்பளவு நீர்க்காப்பு உடையும் அணிந்த இரண்டு பேர் 440 பவுண்டு, லாப்ரடார் நாய் 70, 25 குதிரைத்திறன் கொண்ட நான்கு ஸ்ட்ரோக் மோட்டார் 140, நிரம்பிய எரிபொருள் தொட்டி 45, மின்கலம் 50, வாத்துகளை ஈர்க்க நீரில் மிதக்கவிடும் பொம்மை வாத்துகள் நான்கு டஜன், எடைக்கட்டிகளோடு 110, துப்பாக்கிகள், தோட்டாக்கள், உணவுப் பைகள் 60, நங்கூரமும் கயிறும் 30, மறைப்புக் கூடாரத்தின் சட்டமும் துணியும் 100. கூட்டினால் 1,045 பவுண்டு. ஒரு படகின் தகடு 1,100 பவுண்டு என்று சொன்னால், கணக்குப்படி அது சரியாகவே தோன்றும். ஆனால் அந்த எண் அமைதியான நீரில் மிதப்பதை வைத்துக் கணக்கிடப்பட்டது. அலைக்கோ, உள்ளே தெறித்துத் தேங்கும் நீருக்கோ, பொம்மை வாத்துகளின் கயிறுகளில் படியும் பனிக்கட்டிக்கோ அதில் இடமில்லை. ஒரு கேலன் நீரின் எடை எட்டு பவுண்டுக்கும் மேல். தரையில் சற்றுத் தேங்கினாலே நூறு, இருநூறு பவுண்டு சேர்ந்துவிடும். அதுவும் படகு சாயும் பக்கமே ஓடும்.

எனவே உங்கள் சுமை தகட்டின் எண்ணில் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டாதபடி படகைத் தேர்ந்தெடுங்கள். மேற்கண்ட சுமைக்கு அப்படியானால் ஏறத்தாழ 1,570 பவுண்டு தாங்கும் படகு வேண்டும். அந்த விலை கட்டுப்படியாகவில்லை என்றால், பொம்மை வாத்துகளை இரண்டு டஜனாகக் குறைத்து மறைப்புக் கூடாரத்தைக் கைவிடுங்கள். எந்த நிலையிலும் மூன்றாவது ஆளை ஏற்றாதீர்கள்.

படி 5: அலுமினியத்தின் தடிமனும் இணைப்பும்

அலுமினியத் தகட்டின் தடிமன் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குகளாகக் குறிக்கப்படும். 0.080 என்பது 2 மில்லிமீட்டர், 0.100 என்பது இரண்டரை, 0.125 என்பது மூன்றுக்குச் சற்று மேல். அலையில் அறைபடும் அடிப்பக்கத்திற்கு 0.100 தேவை, பாறையும் பனிக்கட்டியும் உள்ள இடங்களுக்கு 0.125 நல்லது. ரிவெட் அடித்த படகு எடை குறைவாகவும் விலை மலிவாகவும் இருக்கும். ஆனால் ஆண்டுக்கணக்கில் அறைபட்டால் ரிவெட்டுகள் தளர்ந்து கசியும். வெல்டிங் செய்த படகில் அந்தத் தொல்லை இல்லை, ஆனால் வெல்டிங் மோசமாக இருந்தால் அதன் ஓரத்தில் விரிசல் விழும். அடிப்பக்கத்தில் குறுக்கே ஓடும் தாங்கு சட்டங்கள் எவ்வளவு நெருக்கமாக உள்ளன என்பதையும் பாருங்கள்.

படி 6: பின்பலகையும் மோட்டாரும்

மோட்டாரைத் தாங்கும் பின்பலகை 15 அங்குல உயரத்திலும் 20 அங்குல உயரத்திலும் வருகிறது. அந்த ஐந்து அங்குல வேறுபாடு உயிரைக் காக்கக்கூடியது. வேகமாக ஓடும் படகைச் சட்டென்று நிறுத்தினால், படகே எழுப்பிய அலை பின்னாலிருந்து வந்து பின்பலகையைத் தாண்டி உள்ளே பாயும். ஆகவே 20 அங்குலப் பின்பலகையையும், அதற்கேற்ற நீள்தண்டு மோட்டாரையும் கேளுங்கள். இதே காரணத்தால்தான் அலையுள்ள நீரில் ஒருபோதும் பின்பக்கத்திலிருந்து நங்கூரம் இடக் கூடாது.

சதுப்பில் ஓடும் மட் மோட்டாரைப் பலர் ஆசையோடு பரிந்துரைப்பார்கள். நாணல் காட்டில் அதற்கு இணை கிடையாது. திறந்த நீரில் அது எடை மிகுந்தது, வேகம் குறைந்தது, அலைக்கு ஏற்ப விரைந்து திருப்புவதற்குக் கடினமானது. புதியவர்களுக்கு, பின்பலகையில் மாட்டும் வழக்கமான அவுட்போர்டு மோட்டாரே ஏற்றது. கொள்ளளவுத் தகட்டில் உள்ள உச்சக் குதிரைத்திறனைத் தாண்ட வேண்டாம். அதே சமயம், முழுச் சுமையோடு படகை நீரின் மேல் எழுப்பி ஓட்ட முடியாத சிறிய மோட்டாரும் ஆபத்தானதே.

படி 7: பழைய படகைச் சோதித்தல்

பழைய படகு வாங்குபவர் ஒரு தோட்டக் குழாயைக் கேட்டு வாங்கி, டிரெய்லரிலேயே படகை வைத்து, வடிகால் அடைப்பானை மூடி, தரை மறையும் அளவிற்கு மட்டும் நீர் நிரப்ப வேண்டும். பிறகு கீழே குனிந்து, ரிவெட் வரிசையையும் வெல்டிங் கோடுகளையும் கைவிளக்கால் பார்க்க வேண்டும். கசியும் ரிவெட்டின் தலையில் முதலில் ஒரு துளி திரண்டு நிற்கும். சற்றுப் பொறுத்தால் அது விழும், அடுத்தது திரளும். அப்படிப்பட்ட ரிவெட்டுகளைச் சுண்ணக்கட்டியால் வட்டமிட்டு எண்ணுங்கள். இரண்டு, மூன்று என்றால் சரிசெய்யலாம். ஒரு வரிசை முழுவதும் நனைந்தால் வேறு படகைப் பாருங்கள். அடுத்து மோட்டாரைத் தூக்கி நிறுத்தி, அதன் கீழ்ப்பகுதியைக் கையால் அழுத்துங்கள். பின்பலகை வளைந்து கொடுத்தால், உள்ளிருக்கும் மரப்பலகை உளுத்துவிட்டது என்று பொருள்.

இருக்கைகளின் கீழே மிதவை நுரை இருக்கிறதா என்பதைக் கட்டாயம் பாருங்கள். 1978-க்குப் பின் கட்டப்பட்ட, 20 அடிக்குக் குறைவான அவுட்போர்டு படகுகள், நீர் நிரம்பினாலும் மட்டமாக மிதக்க வேண்டும் என்பது கூட்டாட்சி விதி. முந்தைய உரிமையாளர் இருக்கைகளை வெட்டி எடுத்து, நுரையை நீக்கி, துப்பாக்கிப் பெட்டியும் மேல்தளமும் அமைத்திருந்தால், படகு பார்வைக்கு அழகாக இருக்கலாம். ஆனால் கவிழ்ந்த பின் பற்றிக்கொள்வதற்கு எதுவும் மிஞ்சாது.

படி 8: படகோடு சேர்த்து வாங்க வேண்டியவை

தானாக இயங்கும் நீர் இறைக்கும் பம்பு, மாற்று மின்கலம், ஒவ்வொருவருக்கும் லைஃப் ஜாக்கெட், 16 அடியும் அதற்கு மேலும் உள்ள படகுக்கு எறிந்து கொடுக்கும் மிதவை ஆகியவற்றின் விலையைத் தொடக்கத்திலேயே கணக்கில் சேர்த்துவிடுங்கள். ஓட்டுபவர் விழுந்தால் மோட்டாரை நிறுத்தும் பாதுகாப்புக் கயிறு படகில் இருந்தால், வேகமாக ஓட்டும்போது அதை மாட்டியிருப்பது 2021 ஏப்ரல் 1 முதல் சட்டக் கடமை. குளிர்நீரில் விழுந்தவருக்கு மூச்சைக் கட்டுப்படுத்த ஒரு நிமிடம், கைகால்கள் பயன்படும்படி இயங்கப் பத்து நிமிடம், நினைவு தப்புவதற்கு முன் ஏறத்தாழ ஒரு மணி நேரம் என்று பாதுகாப்புப் பயிற்சிகளில் கற்பிக்கிறார்கள். அந்தப் பத்து நிமிடத்திற்குள் விரல்கள் விறைத்துவிடும் என்பதால், லைஃப் ஜாக்கெட்டை இருக்கையின் கீழே வைத்திருப்பதால் பயனில்லை. உடையின் மேல் அணிந்திருக்க வேண்டும். மறைப்புக் கூடாரம் வாங்கினால், ஓடும்போது முழுவதும் மடிந்து கீழே படுத்துவிடும் வகையையே வாங்குங்கள். விரித்த கூடாரம் காற்றைப் பிடிக்கும். படகு கவிழ்ந்தால் உள்ளிருப்பவரை வெளியே விடாது.

படி 9: பேரத்திற்கு முன் ஓட்டிப் பார்த்தலும் ஆவணங்களும்

வெறும் படகை அமைதியான நீரில் ஓட்டிக் காட்டுவது சோதனை ஆகாது. மணல் மூட்டைகளையோ நீர்க் குடங்களையோ ஏற்றி, இளங்காற்று வீசும் பிற்பகலில் ஓட்டிப் பாருங்கள். அலைக்கு எதிராக, அலையோடு, அலைக்குக் குறுக்காக என மூன்று திசையிலும் ஓட்டி, பின் மோட்டாரை மெதுவாகக் குறைத்து நின்று, ஒரே பக்க விளிம்பில் இருவரும் சாய்ந்து நில்லுங்கள். வேட்டையின்போது பொம்மை வாத்துகளை எடுக்கையில் இதுதான் நடக்கும். விளிம்பு நீரைத் தொட நெருங்கினால் அந்தப் படகு உங்களுக்கு உரியதல்ல.

மிச்சிகனில் 20 அடிக்குக் குறைவான அவுட்போர்டு படகுகளுக்குப் பொதுவாக உரிமைப் பத்திரம் கிடையாது. ஆகவே பின்பலகையின் வலது மேல் மூலையில் பொறித்திருக்கும் 12 எழுத்து அடையாள எண்ணை, விற்பவரின் பதிவுச் சீட்டோடு எழுத்தெழுத்தாக ஒப்பிட வேண்டும். இப்போதைய படகுகளில் அதன் கடைசி இரண்டு இலக்கங்கள் மாடல் ஆண்டைக் காட்டும். விற்பனைச் சீட்டோடு மாநிலச் செயலர் அலுவலகத்திற்குச் சென்றால், மூன்று ஆண்டுகளுக்கான பதிவு கிடைக்கும். பதிவு எண்ணைக் குறைந்தது மூன்று அங்குல உயரமுள்ள எழுத்துகளில் முகப்பின் இருபுறமும் ஒட்ட வேண்டும். கேமோ வண்ணத்தின் மேல் கறுப்பு எழுத்து தெரியாது என்பதால், வெள்ளை எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள்.