டிஸ்க்வேர்ல்டை எந்த நாவலில் தொடங்கலாம்?

பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு ஆங்கில எழுத்தாளர் டெர்ரி பிராட்செட்டின் டிஸ்க்வேர்ல்ட் என்ற மாயாஜாலக் கற்பனைத் தொடர் நாவல்களைக் கொடுப்பதாக இருந்தால், 1983இல் வந்த முதல் நாவலை விட்டுவிட்டு, 2003இல் வந்த 'தி வீ ஃப்ரீ மென்' நாவலில் தொடங்குங்கள். மொத்தம் 41 நாவல்கள், ஆனால் வரிசைப்படி படித்தே ஆகவேண்டும் என்றில்லை. 'தி வீ ஃப்ரீ மென்' சிறுவர்களுக்காகவே எழுதப்பட்டது. ஒன்பது வயது டிஃபனி, தம்பியைத் தூக்கிப்போன ராணியை எதிர்க்க வாணலியோடு கிளம்புகிறாள். அந்தத் துணிச்சலும் சிரிப்பும் பிள்ளைகளை அப்படியே இழுத்துக்கொள்ளும். தொடரின் பெரும்பாலான நாவல்களில் இல்லாத அத்தியாயப் பிரிப்பும் இதில் உண்டு, இரவுக்கு ஒன்று என்று படிக்க வசதி.

ஆங்கில நாவல்களுக்கு இப்போதுதான் பழகும் பிள்ளைக்கு இது சரிவராது. அதில் வரும் குட்டி நீல மனிதர்கள் ஸ்காட்லாந்து வழக்கில் பேசுவார்கள், திணறும். அப்படியானால் பேசும் பூனையும் எலிகளும் வரும் 'தி அமேசிங் மாரிஸ்' கொடுங்கள். பயப்படும் பிள்ளையென்றால் மட்டும் நீங்களும் கூட உட்கார்ந்து படியுங்கள். சில காட்சிகள் கொஞ்சம் மிரட்டும்.