பழைய வீட்டுக்குச் சிமெண்ட் பூசாதீர்கள்

2014 நவம்பர் மழையில் புதுச்சேரி கடற்கரைச் சாலையில் இருந்த மேரி கட்டடம், அதாவது பிரெஞ்சுக்காரர் காலத்து நகர மன்றம், இடிந்து விழுந்தது. 1870 வாக்கில் கட்டியது. பிறகு அதே தோற்றத்தில் எழுப்பி 2021-ல் திறந்தார்கள். பார்க்க அழகுதான், ஆனால் அதன் வயது இனி 2021-லிருந்துதான்.

இப்படி நடக்காமலிருக்கத்தான் இன்டாக் அமைப்பின் புதுச்சேரிக் கிளையைப் போன்ற பாரம்பரியச் சங்கங்கள் பழைய கட்டடங்களைப் பட்டியலிட்டு, பழுதுபார்க்க வழிகாட்டுகின்றன. அவர்களுக்குப் பெரிய தலைவலி, வீட்டுக்காரர் ஆசையாகச் செய்துவைத்த ரிப்பேர்.

முதல் குற்றவாளி சிமெண்ட். சுவரின் அடியில் பூச்சு பொரிந்து உதிர்கிறது; கொத்திவிட்டுச் சிமெண்ட் பூசுகிறோம். கொஞ்ச நாள் பளிச்சென்று இருக்கும். அப்புறம் பார்த்தால் ஈரம் பூச்சுக்கு மேலே ஏறி நிற்கும். செங்கல்லும் சுண்ணாம்புமாகக் கட்டிய சுவர் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், மேற்பரப்பு வழியாக ஆவியாக விட்டுவிடும். சிமெண்ட் அந்த வழியை அடைக்கிறது. ஈரத்தோடு உப்பும் ஏறுகிறது. கடலோர ஊரில் உப்புக்குக் கேட்கவா வேண்டும்? அது செங்கல்லுக்குள் படிகமாகி, கல்லையே மாவாக உதிர்க்கும். பிளாஸ்டிக் பெயிண்டும் ஈரத்தை அடைக்கும் வேலையைத்தான் செய்கிறது. சுண்ணாம்பு அடித்தால் போதும்.

சரி, சுண்ணாம்புக் காரைதான் என்று முடிவு செய்தாலும் அவசரம் கெடுத்துவிடும். சுண்ணாம்பைத் தண்ணீர் விட்டு நன்றாக நீற்றி, ஊறவைத்து, மணலோடு அரைத்துப் பூச வேண்டும். கடுக்காய் நீரும் வெல்லமும் சேர்ப்பது நம் பக்கத்து வழக்கம். பூசிய காரை காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கி மெல்ல மெல்லத்தான் இறுகும். சுள்ளென்ற வெயிலில் காயவிட்டால் வெடிப்பு விடும். “கொஞ்சம் சிமெண்ட் கலந்துக்கலாம் சார், சீக்கிரம் பிடிக்கும்” என்பார் மேஸ்திரி. வேண்டாம்.

மெட்ராஸ் டெரஸ், அதாவது மரக் கட்டைகளின் மேல் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் வைத்துக் கட்டிய பழைய மாடித் தளம், ஒழுகினால் மேலே கான்கிரீட் கொட்டுவது அடுத்த தவறு. அந்தப் பாரம் முழுவதும் கீழே இருக்கும் தேக்குக் கட்டைகளின் மேல்தான் இறங்கும். கட்டை சுவருக்குள் நுழையும் முனைதான் பெரும்பாலும் முதலில் இற்றுப்போகும்; அங்கே தட்டிப் பார்க்க வேண்டும். மேலே பதித்த தட்டை ஓடு பெயர்ந்த இடத்தை மட்டும் மாற்றினாலே பல நேரம் ஒழுகல் நிற்கும். கைப்பிடிச் சுவரில் முளைத்த அரசங்கன்றைக் கிள்ளிவிட்டு வந்தால் போதாது, வேர் உள்ளே இருக்கிறது.

இன்னொன்று, திண்ணையை இடித்துக் கடை கட்டுவது. வாடகை வரும், மறுக்கவில்லை. ஆனால் புதுச்சேரித் தமிழர் தெருவின் முகமே திண்ணையும் தாழ்வாரமும்தான். வைசியாள் வீதியில் வரிசையாக வீடுகளின் முகப்பைச் சீர்செய்த வேலைக்கு 2008-ல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் விருது கிடைத்தது. ஒரு வீட்டை மட்டும் சரிசெய்திருந்தால் அந்தத் தெரு திரும்பி வந்திருக்காது.

எதில் கை வைப்பதானாலும் அதற்கு முன்னால் அளவெடுத்து, போட்டோ பிடித்து வையுங்கள். கழற்றிய கதவிலும் உத்தரத்திலும் எண் எழுதுங்கள். சங்கத்தாரைக் கூப்பிடுவதானால் மேஸ்திரிக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே கூப்பிடுங்கள்.