டிஜிட்டல் கோள் நிஜமாகத் தெரிய

விண்வெளியிலிருந்து தெரியும் கோளை வரையும்போது பலரும் சறுக்குவது வளிமண்டலத்தில்தான். ஓரமெங்கும் தடித்த நீல ஒளிவட்டம் போட்டுவிடுகிறார்கள். பூமியின் விட்டம் ஏறத்தாழ 12,742 கிலோமீட்டர். விண்வெளி தொடங்குவதாகக் கொள்ளப்படும் உயரமோ 100 கிலோமீட்டர். கோளை 1000 பிக்சல் அகலத்தில் வரைந்தால் அந்த ஒளிக்கு 8 பிக்சல் போதும். அதுவும் வெயில் படும் பக்கத்தில். இருட்டை நோக்கி மங்கி மறைய வேண்டும்.

மேற்பரப்புக்கு இணையத்தில் படம் தேடாதீர்கள். அம்பாறைப் பக்கம் கோடையில் வெடித்துக் கிடக்கும் வயலை, பாசிக்குடாக் கரையின் மணல் வரிகளை மேலிருந்து நேராகப் படமெடுங்கள். மேகமூட்டமான பொழுதே நல்லது, ஏனென்றால் நிழலை நாம்தான் பிறகு போடப்போகிறோம். போட்டோஷொப்பில் அந்தப் படத்தை வட்டமாகத் தெரிவுசெய்து 'ஸ்பியரைஸ்' பில்டர் கொடுத்தால் ஓரங்கள் உருண்டு வரும்.

அப்புறம் நிழல். படத்தின் மேல் புதிய லேயர் (அடுக்கு) ஒன்றைச் சேர்த்து, கீழுள்ளதைக் கருமையாக்கும் 'மல்டிப்ளை' கலப்பு முறையில் வைத்து ஒரு பக்கத்தைக் கறுப்பாக்குங்கள். அரைநிலா நாளில் கல்லடிக் கடற்கரையில் நின்று சந்திரனைப் பாருங்கள்: காற்றில்லாத அங்கே ஒளியும் இருளும் வெட்டினாற்போல் பிரியும். காற்றுள்ள கோளுக்கு அந்த எல்லையை மென்மையாகக் கலக்க வேண்டும். பின்னணி நட்சத்திரங்களைக் குறைத்துவிடுங்கள். வெயில் படும் கோளுக்கு ஏற்றபடி எடுத்த உண்மையான புகைப்படத்தில் அவை பெரும்பாலும் தெரியாது.